கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியுமா?

எங்கள் கண் மருத்துவமனையில் நான் நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு மிஷின் உட்கார்ந்திருக்கிறது. தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரியும் படத்தைப் பார்த்தால் போதும், கண்ணாடிக்கு என்ன பவர் வேண்டுமென்று சீட்டு வந்துவிடுகிறது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அங்கே போயிருந்தபோது இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் அதைக் காட்டினார்கள். நான் மூக்கைச் சிந்துவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. எனக்கோ ஒரே குஷி. நான்கு தரம் தாடையை வைத்து நான்கு சீட்டு எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் ஒரே எண்! இது அப்போதே வந்திருந்தால் என் இடுப்பு தப்பித்திருக்கும்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "ஏனுங்கக்கா, இந்த மிஷினுக்குச் சிக்காத கேஸ் ஏதாச்சும் உங்களுக்கு வந்திருக்குதுங்களா?" என்று கேட்டாள். வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று தெரிந்து, எழுதிக் கொடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். எழுதினால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும், அது எனக்கு முன்னமே பழக்கம்தான்.

என் பெயர் தெய்வானை. ஊரில் கண்ணாடியக்கா என்றால்தான் தெரியும். அப்பா திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். பள்ளிக்கூட லீவு விட்டால் நானும் போய், வெட்டிய துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுப்பேன். பத்தாவது முடித்ததும், பஞ்சுத்தூசியில் இவளும் இரும வேண்டாம் என்று அம்மா என்னைக் கண் மருத்துவமனையில் சேர்த்துவிட்டாள். இரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். லென்ஸ் பெட்டியைத் துடைத்தது ஒரு வருஷம், அதைத் தொட விட்டது மறுவருஷம். படிப்பு அவ்வளவுதான்.

மற்றதையெல்லாம் வந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தையல்காரர்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "ஆனா ஊசி கோக்க முடியலைங்க" என்பார்கள். ஆகவே ஓவர்லாக் மிஷின் ஊசியும் நூல்கண்டும் மேசையில் எப்போதும் வைத்திருப்பேன். நூல் ஓட்டையில் நுழைந்தால் கண்ணாடி சரி, இல்லையென்றால் லென்ஸை மாற்று. இன்னொரு கூட்டம் உண்டு. வரிசையில் நிற்கும்போதே முன்னால் இருக்கிறவர் படிப்பதைக் கேட்டு, பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள். கண்ணாடி போட்டால் வேலையில் கழித்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. அவர்களைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பேன், ஆள் திருதிருவென்று முழிப்பார். இந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் பிறகு மண்ணைக் கவ்வினேன்.

எங்கள் பெரிய டாக்டர் மருதாசலம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஐந்து வயதுக் குழந்தையையும் "உட்காருங்க" என்பார். நாங்கள் சோதித்து எழுதிய தாளை முதலில் பார்க்கமாட்டார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவங்க என்னங்க சொன்னாங்க?" என்பார். "தூரப்பார்வை குறைஞ்சிருக்குதுங்க டாக்டர்" என்று சொன்னால், "அது நீங்க சொல்றது. அவங்க சொன்னது என்னங்க?" என்பார். நோயாளி வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்து முடித்ததும் இன்னொரு கேள்வி: "மறுபடியும் பாத்தீங்களா?" எதையும் இரண்டு தரம், இரண்டாம் தரம் வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். திட்டினால்கூடப் பரவாயில்லை, அந்த ஒரு கேள்விக்குத்தான் எல்லோரும் பயந்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருஷம் முன்பு ஜெபராணி வந்தாள். இருபத்து நான்கு வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் அக்கா ஸ்டெல்லாவுடன் இருந்தாள். இரண்டு கண்ணிலும் பிறவியிலேயே புரை. குழந்தையாக இருந்தபோது யாரோ, இது பிறவிக் குருடு, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்ல, பெற்றவர்களும் நம்பிவிட்டார்கள். வெளிச்சமும் இருட்டும் தெரியும், கையை முன்னால் ஆட்டினால் நிழல் மாதிரித் தெரியும். வேறொன்றும் தெரியாது.

ஆனால் அவள் சும்மா வீட்டில் இருக்கவில்லை. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டுப் போடும் வேலை. வெட்டிய துண்டுகளைத் தடவியே முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப்பட்டி என்று பிரித்து அடுக்கிக் கட்டுவாள். கண் தெரிந்தவர்கள் மூன்று கட்டுப் போடும் நேரத்தில் இவள் நான்கு போடுவாள் என்று ஸ்டெல்லா சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. நானும் கட்டுப் போட்டவள்தானே!

டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு, அறுவை செய்தால் ஓரளவு பார்வை வரும் என்றார். முதலில் வலது கண். அது ஆறியதும், மூன்று மாதம் கழித்து இடது கண். அன்று மாலை என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு உற்சாகத்தை நான் பார்த்ததில்லை.

"படிச்சவங்க ரொம்பக் காலமா கேட்டுட்டு இருக்கற கேள்வி ஒண்ணு இருக்குதுங்க தெய்வானை. பொறந்ததுல இருந்து கண்ணு தெரியாத ஒருத்தர், பந்தையும் பெட்டியையும் தடவித் தெரிஞ்சு வெச்சிருக்கார். திடீர்னு பார்வை வருது. தொடாம, பாத்து மட்டும், இது பந்து இது பெட்டின்னு சொல்லிருவாருங்களா?"

"சொல்லாம என்னங்க டாக்டர்? உருண்டை உருண்டைதானுங்களே?"

"கைக்கு உருண்டை. கண்ணுக்கு?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலைகால் புரியவில்லை. யோசித்துப் பாருங்கள். நமக்கு மூலை என்றால் கண்ணிலும் மூலை, கையிலும் மூலை. எப்போது இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டோம் என்று நமக்கே தெரியாது. பிறக்கும்போதே முடிச்சுப் போட்டுத்தான் அனுப்பினார்களா, இல்லை நாமே போட்டதா? இருபத்து நான்கு வருஷம் கையால் மட்டுமே உலகத்தைப் படித்த ஒரு பெண் இதோ வந்து உட்கார்ந்திருக்கிறாள். கேள்விக்குப் பதில் எங்கள் மருத்துவமனையில், என் மேசையில் கிடைக்கப் போகிறது!

"பந்தும் பெட்டியும் வேண்டாமுங்க டாக்டர். அதையெல்லாம் அவ எத்தனை தரம் தொட்டிருக்கப் போறா? பனியன் துண்டு வெக்கலாமுங்க. அதுதான் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன். டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்ல யோசனைங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்குவது லேசு இல்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

அறுவை முடிந்து மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தோம். டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த அறுவைக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா மூலையில் நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தாள். நான் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நீலத் துண்டுகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வைத்தேன். "தொடக் கூடாது கண்ணு. கையை மடியில வெச்சுக்கோ. பனியன் துண்டுக வெச்சிருக்கறேன். பாத்துச் சொல்லு, மொதல்ல இருக்கறது என்ன?"

ஜெபராணியின் கண் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. தண்ணீர் வழிந்தது. "முன்பாகமாக்கா?" என்றாள்.

"அப்புறம்?"

"பின்பாகம். அடுத்தது கை. அதுவும் கை. கடைசில கழுத்துப்பட்டி."

ஐந்துக்கு ஐந்து! நான் கத்திய கத்தலில் பக்கத்து வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் ஓடி வந்தாள். ஸ்டெல்லா அழுதாள், நானும் அழுதேன். ஜெபராணி மட்டும் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். வாய் சும்மா இருக்குமா? வார்டு வார்டாகத் தண்டோரா போட்டேன். அவள் கம்பெனி மேனேஜர் குப்புசாமிக்கு நானே போன் போட்டு, "உங்க புள்ளைக்குக் கண்ணு சுத்தமாத் தெரியுதுங்க! பனியன் துண்டு அஞ்சையும் பாத்தே சொல்லிட்டாங்க!" என்றேன். தாளில், 'பொருள்களைப் பார்த்தே அடையாளம் சொல்கிறார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மதியம் டாக்டர் வந்தார். தாளைக் கவிழ்த்து வைத்தார். நான் நடந்ததை ஒப்பித்தேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. "மறுபடியும் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க" என்றேன்.

பார்க்கவில்லை. அவள் களைத்துப் படுத்துவிட்டாள், எனக்கோ சந்தோஷத்தில் அது ஞாபகமே வரவில்லை. அந்த நிமிஷத்தில் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்பது வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

ஒரு மாதம் தூசி படக் கூடாது என்று வீட்டில் இருக்கச் சொன்னோம். நடுவில் இரண்டு தரம் சோதனைக்கு வந்தாள். "தெரியுதா கண்ணு?" என்று கேட்டேன், "தெரியுதுக்கா" என்றாள். என்ன தெரிகிறது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அப்போதே விஷயம் வெளியே வந்திருக்கும். ஒரு மாதமும் கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல் கையால் தடவித்தான் வீட்டில் நடமாடியிருக்கிறாள்.

வேலைக்குத் திரும்பி ஐந்தாம் நாள் மருத்துவமனைக்கு வந்தாள். வலது கண்ணை ஸ்டெல்லாவின் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும், "இதத் தச்சு மூடிருங்கக்கா" என்றாள்.

என்ன நடந்தது என்று கேட்டேன். ஸ்டெல்லாதான் சொன்னாள். என் போனைக் கேட்ட குப்புசாமி, கண் வந்த பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்து, கட்டுப் போடும் இடத்திலிருந்து எடுத்துச் செக்கிங் மேசையில் போட்டுவிட்டார். தைத்து வந்த சட்டையில் ஓட்டை, அழுக்கு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கழிக்கும் வேலை. ஜெபராணி முதல் நாளே நல்ல சட்டைகளையெல்லாம் அழுக்கு என்று ஒதுக்கிவிட்டாள். எங்கே அழுக்கு என்று போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. சட்டை மேல் விழுந்த தன் கை நிழலையே கறை என்று நினைத்திருக்கிறாள்! ஓட்டை இருந்த சட்டைகளோ நல்ல சட்டைகளோடு போய்விட்டன. அவற்றை எடுத்து வந்து முன்னால் போட்டதும், கண்ணை மூடி ஒரு தடவு தடவி, "இங்கன ஓட்டை இருக்கு" என்று சரியாகச் சொன்னாளாம். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்கள், கண் நன்றாகத் தெரிந்துகொண்டே நடிக்கிறாள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"பொய் சொல்லுதேன்னு சொல்லுதாவக்கா" என்றாள் ஜெபராணி. "நான் பொறந்ததுல இருந்து யாருட்டயும் அப்படி ஒரு பேச்சு வாங்குனதில்ல. கண்ணத் தொறந்தா எல்லாம் மேல வந்து விழுதமாரி இருக்கு. மூடுனா எனக்கு எல்லாம் தெரியும். எனக்கு இந்தக் கண்ணும் வேண்டாம், அடுத்த கண்ணும் வேண்டாம்."

டாக்டர் வந்து கட்டை அவிழ்த்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. என்னைப் பார்த்து, "அன்னைக்கு வெச்ச மாதிரியே வெச்சுக் காட்டுங்க" என்றார். நான் வைத்தேன். ஜெபராணி கடகடவென்று ஐந்தையும் சொன்னாள். டாக்டர் துண்டுகளை இடம் மாற்றினார். முன்பாகத்தைக் கழுத்துப்பட்டி என்றாள், கையைப் பின்பாகம் என்றாள். பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அன்னைக்கு எப்படிங்க சொன்னீங்க?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"வரிசை அதான சார்? முன்பாகம், பின்பாகம், ரெண்டு கை, கழுத்துப்பட்டி. கட்டு அப்படித்தான வரும்? அக்கா ஒண்ணொண்ணா வச்சாவ. அஞ்சு தடவ சத்தம் கேட்டுச்சு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. திருப்பூரில் எந்தக் கம்பெனியிலும் கட்டு அந்த வரிசையில்தான் கட்டுவார்கள். சின்ன வயதில் நான் கட்டியதும் அதே வரிசைதான். என் கை தானாகவே அப்படி வைத்திருக்கிறது! வேறு ஊர்க்காரி யாராவது வைத்திருந்தால் கன்னாபின்னாவென்று வைத்திருப்பாள், அன்றே உண்மை தெரிந்திருக்கும். பலகையை மனப்பாடம் செய்கிறவர்களைப் பிடிப்பதில் புலி என்று மார்தட்டிய நான், ஏமாற்ற நினைக்காத ஒரு பெண்ணிடம் நானாகவே போய் ஏமாந்தேன். அவள் கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஜெபராணியை வெளியே உட்கார வைத்துவிட்டு, "நான் மறுபடியும் பாக்கலைங்க டாக்டர். பொய் சொல்லிட்டேனுங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. "அந்தப் பழைய கேள்விக்குப் பதில் வந்திருச்சுங்க. கை படிச்சது கண்ணுக்குத் தானா வரலை. இனி ஒரே ஒரு விஷயம்தான். சொல்லிக் கொடுத்தா வருமா? அந்தக் கண்ணைக் கட்டியே வெச்சிருந்தா அது எதையும் பழகாதுங்க. அவங்க இப்படியே போயிட்டா, நாம கொடுத்த பார்வையை நாமளே புடுங்கின மாதிரி" என்றார். சொன்னவர் 'நாம' என்று சேர்த்துச் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வீரபாண்டிக்குப் போனேன். ஜெபராணியும் ஸ்டெல்லாவும் கூட இருந்தார்கள். குப்புசாமி மரியாதையாக நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், குரலில் மட்டும் சூடு குறையவில்லை.

"ஏனுங்க கண்ணாடியக்கா, நீங்கதானுங்களே போன்ல அந்தக் குதி குதிச்சீங்க? கண்ணு சுத்தமாத் தெரியுதுன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"நான்தானுங்க. தப்பு என்னுதுங்க. இந்தப் புள்ளைக்கு வெளிச்சம் தெரியுது, நிறம் தெரியுது. எது என்னன்னு தெரியாதுங்க. நான் சரியாச் சோதிக்காம உங்ககிட்டச் சொல்லிட்டேன்."

"கண்ணு தெரியுது, பொருள் தெரியாதுங்களா? இதென்னங்க கதை?"

"நீங்களே வெச்சுப் பாருங்க. எந்த வரிசையில வேணாலும் வெய்ங்க."

அவர் ஒரு கட்டை அவிழ்த்து, துண்டுகளைக் கலைத்து மேசையில் போட்டார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஜெபராணி குனிந்து பார்த்தாள். முதலாவது தப்பு. இரண்டாவது தப்பு. மூன்றாவதுக்கு, "தெரியல்ல சார்" என்றாள். பிறகு கண்ணை மூடிக் கையை நீட்டினாள். பத்து எண்ணுவதற்குள் ஐந்தும் வரிசையில் அடுக்கிக் கிடந்தன, விளிம்போடு விளிம்பு ஒட்டி. குப்புசாமி அந்த அடுக்கை எடுத்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் அடுக்கைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தப் புள்ளை நடிக்கலைங்கப்பா. அவ எடத்துலயே அவ இருக்கட்டும்" என்றார்.

வேலை திரும்பக் கிடைத்தது, பெயரும் மீண்டது. ஆனால் படியிறங்கும்போது ஜெபராணி துப்பட்டாவை எடுத்து மறுபடியும் கண்ணைக் கட்டிக்கொண்டாள். அடுத்த கண்ணைப் பற்றி நான் பேச்செடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

நான் விடுகிற ஜாதியா? அன்றைக்கே கேட்டேன்: தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், கட்டை அவிழ்த்துவிட்டு, என்னோடு. ஒரு மாதத்துக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் இனி உன் பக்கமே வரமாட்டேன். ஸ்டெல்லாவுக்காகத்தான் ஒத்துக்கொண்டாள். ட்யூட்டி முடிந்ததும் பஸ் பிடித்து வேலம்பாளையம் போவேன். முறை எளிது. துண்டைக் கலைத்து வைப்பேன். முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு தொட்டுப் பார்த்துச் சரியா என்று அவளே முடிவு செய்ய வேண்டும். தொட்ட கையை எடுக்காமல் மறுபடியும் பார்க்க வேண்டும். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுவேன், டாக்டர் சட்டப்படி.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் நாலைந்து நாளும் எல்லாம் தப்பு. ஆனால் அவள் சொன்னவை! "கையில இது நீட்டமா இருக்கு, சரிச்சா கண்ணுல குட்டையாவுது. எது நெசம்?" இன்னொரு நாள்: "ஸ்டெல்லா வாசல் பக்கம் போனா சின்னதாப் போறா. கையில பிடிச்சா யாரும் சின்னதாவ மாட்டாவளே." வேறொரு நாள், "மூலைன்னா குத்தும்லா? கண்ணுல குத்தவே மாட்டேங்கு" என்றாள். ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே கடை, மரம், ஆள் எல்லாமே எனக்குப் புதிதாகத் தெரிந்தன. தூரத்தில் இருக்கிற பஸ் சின்னதாகத் தெரிவது எவ்வளவு பெரிய அதிசயம்! ஐம்பத்து நாலு வயதில் அதைக் கண்டுபிடித்து, நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

பத்தாம் நாள் நிமிர்ந்து உட்கார வைக்கிற விஷயம் ஒன்று நடந்தது. பனியன் துணியை வெட்டினால் பக்கவாட்டு ஓரம் தானாகச் சுருளும், எப்போதும் உள்பக்கமாகத்தான் சுருளும். இத்தனை நாள் ஜெபராணி அந்தச் சுருளைத் தடவித்தான் எது நல்ல பக்கம் என்று கண்டுபிடித்து வந்தாள். அன்றைக்குத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது சுருளுது."

"ஆமா கண்ணு, சுருளும்."

"இல்லக்கா. நான் தொடல. தொடாமயே சுருளுது!"

கையைப் பார்த்தேன். இரண்டும் மடியில்தான் இருந்தன. விரலை நீட்டி அந்த ஓரத்தைத் தொட்டாள், எடுத்தாள், பார்த்தாள், மறுபடியும் தொட்டாள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எனக்கு அழுகை, சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்தது. இருபத்து நான்கு வருஷம் தனித்தனியாகக் கிடந்த கைக்கும் கண்ணுக்கும் முதல் முடிச்சு அந்த அரை அங்குல ஓரத்தில் விழுந்தது, என் கண் முன்னால்!

அதற்குப் பிறகு மளமளவென்று வந்தது. இரண்டு நாளில் கழுத்துப்பட்டி, அடுத்த நாள் கை, பிறகு முன்பாகம் பின்பாகம். டம்ளர், செருப்பு, சீப்பு என்று வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தோம். தப்பும் நிறைய. தரையில் விழுந்த வெயிலைத் துணி என்று எடுக்கப் போனாள். ஆனால் எடுக்கப் போனதே கண்ணை நம்பித்தானே? அப்போதும் நான் போனதும் துப்பட்டாவைக் கட்டிக்கொள்கிறாள் என்று ஸ்டெல்லா சொன்னாள். அடுத்த கண் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்தால் உள்ளதும் போய்விடுமோ என்று பயம்.

பதினேழாம் நாள் ஸ்டெல்லா, ஜெபராணி கட்டுப் போடும் கம்பெனியிலிருந்து புது மாடலின் கைத்துண்டுகள் கொண்டு வந்திருந்தாள். கழுத்திலிருந்தே கை தொடங்குகிற சட்டை. இதில் கையின் ஒரு விளிம்பு நீளம், ஒரு விளிம்பு குட்டை. ஆகவே இடது கையும் வலது கையும் வேறு வேறு, கண்ணாடியில் பார்ப்பது போல் எதிரெதிராக இருக்கும். நான் இரண்டை எடுத்து எதிரெதிராக வைத்து, "இது ஒரு ஜோடி. நல்லாப் பாத்துக்கோ" என்றேன்.

ஜெபராணி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஜோடி இல்லக்கா."

"ஜோடிதான் கண்ணு. ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி இருக்குது பாரு."

"ரெண்டும் இடது கை. ஒண்ணு கவுந்து கெடக்கு. ஓரத்தப் பாருங்க, இது மேல பாத்துச் சுருண்டு நிக்கி. அது கீழ மடங்கிப் போகுது."

நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தேன். லைட்டைப் போடச் சொன்னேன். எப்படிப் பார்த்தாலும் எனக்கு அது ஜோடிதான். கடைசியில் வேறு வழியில்லாமல் கையை நீட்டி இரண்டையும் தடவினேன். ஒன்று வழுவழுப்பு, இன்னொன்று லேசாகச் சொரசொரப்பு. சொரசொரப்பானது உள்பக்கம். அதைத் திருப்பி மற்றதன் மேல் வைத்தேன், அப்படியே பொருந்திக்கொண்டது. இரண்டும் இடது கை! ஊருக்கெல்லாம் கண் சோதித்த நான் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தே சொல்லிவிட்டாள்.

நான் போட்ட சத்தத்தில் லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். ஸ்டெல்லா அந்த இரண்டு துண்டையும் ஆளாளுக்குக் காட்டி, எது இடது எது வலது என்று கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஜெபராணி யாரிடம் பேசினாலும் காதைத்தான் அவர்கள் பக்கம் திருப்புவாள், அது அவள் பழக்கம். அன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு நடுவில் நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்த கண்ணுக்கு எப்பக்கா வரணும்?" என்று கேட்டாள்.